பொழுது சாயாத ஊரில் இரவு எது?

தமிழில் பொழுது என்றால் நேரம். பொழுது என்றால் சூரியனும்தான். பொழுது விடிந்தது, பொழுது சாய்ந்தது என்று சொல்லும்போது நகர்ந்தது நேரமா சூரியனா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரிக்கவேண்டிய அவசியம் நமக்கு வந்ததும் இல்லை. நார்வேயின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி 68 டிகிரி வடக்கே இருக்கும் லோஃபோடென் தீவுகளில், மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை இந்த இரண்டு பொருளும் தனித்தனியே கழன்றுகொள்கின்றன. நேரம் போகிறது, சூரியன் போவதில்லை. பொழுதே போகவில்லை என்று அலுத்துக்கொள்வது அங்கே வெறும் வானிலைச் செய்தி. அந்த ஏழு வாரங்களிலும் அங்கே ‘இரவு ஒளிப்படப் பயணம்’ என்ற ஒன்று நடக்கிறது. வழிகாட்டியோடு போய் இரவு முழுக்கப் படம் எடுத்துத் திரும்புவது. இரவே இல்லாத இடத்தில் இரவுப் பயணம் என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கேள்வி சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல. சூரியன் மறையாத இடத்தில் ‘இரவு’ என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அது எங்கே இருக்கிறது?

பயணம் நடக்கும் விதத்திலிருந்தே தொடங்கலாம். ஒன்பது, பத்து மணி வாக்கில் ஒரு வேனில் சிலரை ஏற்றிக்கொண்டு வழிகாட்டி கிளம்புகிறார். வடக்கே கடல் திறந்து கிடக்கும் கரையாகப் பார்த்துப் போகவேண்டும். நள்ளிரவில் சூரியன் நிற்பது வடக்கில். நடுவே மலை இருந்தால் சூரியன் மறையாமலே நிழல் விழுந்துவிடும். உட்டாக்லைவ் கடற்கரை இதற்குப் பேர்போனது. அங்கே பாறைப் பரப்பில் ஒரு குழி, குழிக்குள் ஒரு உருண்டைக் கல், கல்லைச் சுற்றித் தேங்கிய நீர். மேலிருந்து பார்த்தால் விழித்த கண் மாதிரி இருக்கும். படக்காரர்கள் அதைக் கண் என்றே சொல்கிறார்கள். அந்தக் கண்ணைச் சுற்றி முக்காலியின் கால்களை எங்கே ஊன்றுவது என்பதிலேயே நேரம் போகும். ஒருவர் குனிந்து லென்ஸில் தெறித்த உப்புத்தண்ணீரைத் துடைப்பார். அவர் எழுந்து நகரட்டும் என்று இன்னொருவர் பின்னால் காத்திருப்பார். சற்றுத் தள்ளிப் புல்வெளியில் ஆடுகள் நிற்கும். ஜூன் 21 வாக்கில் சூரியன் அங்கே எவ்வளவு தாழ்ந்தாலும் அடிவானத்துக்கு ஒன்றரை டிகிரி மேலேயே நின்றுவிடும். சூரியனின் அகலத்தைப்போல மூன்று மடங்கு உயரம், அவ்வளவுதான். சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயரத்துக்குள் இருக்கும் நேரத்தைப் படக்காரர்கள் பொன்னான நேரம் என்பார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் சூரியன் நேராக இறங்குவதால் அந்த ஆறு டிகிரி ஏறக்குறைய 25 நிமிடத்தில் முடிந்துவிடும். லோஃபோடெனில் சூரியன் அடிவானத்தை உரசுவதுபோலப் பக்கவாட்டில் போவதால் அதே ஒளி ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது.

இந்தக் கணக்கில்தான் என் கேள்வி ஒளிந்திருக்கிறது. 25 நிமிடத்தில் ஒளி போய்விடும் ஊரில் படக்காரரை நிறுத்துவது சூரியன். மறைந்தது, முடிந்தது, முக்காலியை மடக்கு. யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. ஐந்து மணி நேரம் நீளும் ஊரில், அதற்குப் பின்னும் இருட்டாமல் ஒளி கொஞ்சம் வெளுக்க மட்டுமே செய்கிற ஊரில், நிறுத்துவது யார்? வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்து, போதும் கிளம்பலாம் என்கிறார். அந்தச் சொல்லோடு அன்றைய இரவு முடிகிறது. இதைச் சுற்றுலா நிர்வாகம் என்று ஒதுக்கலாம். நான் ஒதுக்க மாட்டேன். வானம் எல்லை போடாதபோது மனிதன் போட்டுக்கொள்ளும் எல்லை மெய்யா, வெறும் ஏற்பாடா என்பது சமயங்கள் உயிரைக் கொடுத்து யோசித்த கேள்வி. என் கட்சி இது: இரவுக்கு வானம் தருவது ஓர் அடையாளம், அதை இரவாக்குவது மனிதர் சேர்ந்து கடைப்பிடிக்கும் ஒழுங்கு. அடையாளம் இல்லாமலும் ஒழுங்கு நிற்கும். ஒழுங்கு இல்லாவிட்டால் அடையாளம் கண்ணெதிரே நின்றாலும் இரவு நிற்காது. இதற்குச் சான்றுகளைச் சமயச் சட்டங்களிலிருந்தே எடுக்கிறேன். தத்துவவாதிகள் நேரத்தைப் பற்றி விவாதித்துவிட்டுத் தூங்கப் போகலாம். சமயச் சட்டம் சொல்பவருக்கு அந்த வசதி கிடையாது. நாளைக்கு நோன்பு எப்போது திறப்பது என்று ஒருவர் வாசலில் வந்து நிற்பார். பதில் சொல்லியாக வேண்டும்.

இஸ்லாத்தில் ஐந்து வேளைத் தொழுகைக்கும் சூரியனே அளவுகோல். மஃரிப் சூரியன் மறைந்ததும் வருவது. இஷா செவ்வானம் மங்கியபின். சுபுஹு கிழக்கு வெளுத்ததும். நோன்பும் அப்படியே: விடியலில் பிடித்து மறைவில் திறப்பது. 2015-இலும் 2016-இலும் ரமலான் ஜூன் மாதத்தில் வந்தது. அதே வடக்கு நார்வேயில் உள்ள ட்ரோம்சோ நகரத்தில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. அங்கே வாழும் முஸ்லிமுக்கு நோன்பு திறக்கும் நேரம் என்ற ஒன்று வானத்தில் கிடையாது. அப்படியானால் நோன்பே இல்லையா, அல்லது இரண்டு மாதம் பட்டினியா? மார்க்க அறிஞர்கள் இதற்குத் துணையாக எடுத்தது எதிர்பாராத இடத்திலிருந்து. ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உலக முடிவுக் காலத்தில் வரும் தஜ்ஜாலைப் பற்றிய நபிமொழி ஒன்று உண்டு. அவன் நாற்பது நாள் இருப்பான், அதில் ஒரு நாள் ஓர் ஆண்டைப்போல நீளும் என்கிறது அது. கேட்டுக்கொண்டிருந்த தோழர்களுக்கு வந்த சந்தேகம் பயத்தைப் பற்றியதல்ல. அந்த நீண்ட நாளுக்கு ஒரு நாள் தொழுகை போதுமா என்று கேட்டார்கள். போதாது, அளவைக் கணித்துக்கொள்ளுங்கள் என்பது நபிகளின் பதில். உலகமே முடியும் நேரத்திலும் வேளைக் கணக்கு தள்ளுபடி ஆகாது என்ற இந்த ஒரு கருத்தின்மேல்தான் வடதுருவத்துத் தீர்ப்புகள் நிற்கின்றன. மக்கா நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு கூட்டத்தார் கருத்து. பகலும் இரவும் பிரிந்து தெரிகிற, பக்கத்து ஊரின் நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு கூட்டத்தார் கருத்து. கருத்து வேறுபாடு இன்றும் இருக்கிறது. சூரியன் மறையவில்லை, ஆகவே கடமையும் இல்லை என்ற கருத்து மட்டும் எடுபடவில்லை.

யூதச் சட்டம் இதே முடிச்சை வேறொரு பக்கத்திலிருந்து அவிழ்க்கப் பார்த்தது. சப்பாத் என்ற ஓய்வுநாள் வெள்ளி மாலை சூரியன் சாய்வதில் தொடங்கிச் சனி இரவு விண்மீன் தெரிவதில் முடியும். விண்மீனே தெரியாத ஊரில் சப்பாத் தொடங்கினால் முடியுமா? யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் துருவப் பகுதி பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் பாலைவனத்தில் வழி தவறி, இன்று என்ன கிழமை என்றே மறந்துபோனவனைப் பற்றி ஒரு விவாதம் இருக்கிறது. ஆறு நாள் எண்ணிவிட்டு ஏழாம் நாளை ஓய்வாக வைத்துக்கொள்ளட்டும் என்கிறார் ராவ் ஹூனா என்ற அறிஞர். உலகம் படைக்கப்பட்ட வரிசை அது. முதலில் ஒரு நாள் ஓய்வு, பிறகு ஆறு நாள் எண்ணட்டும் என்கிறார் ஹியா பார் ராவ். ஆறாம் நாள் படைக்கப்பட்ட ஆதாமுக்கு வாய்த்த வரிசை அது. அவன் எண்ணும் நாள் உண்மையான சப்பாத்தாக இருக்க ஏழில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் எந்த நாளிலும் உயிர் பிழைக்கத் தேவையான அளவு மட்டுமே அவன் வேலை செய்யலாம் என்று கட்டுப்பாடு வருகிறது. அவன் எண்ணிய ஏழாம் நாளிலும் அந்த அளவு வேலை உண்டு. அப்படியானால் அந்த நாளுக்கும் மற்ற நாட்களுக்கும் என்னதான் வேறுபாடு? நாள் பிறக்கையில் சொல்லும் வாழ்த்தும் நாள் போகையில் சொல்லும் விடையும்தான் என்கிறது தல்மூத். இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வானம் உதவவில்லை, நாட்காட்டி உதவவில்லை, செய்யும் வேலையிலும் மாற்றமில்லை. இரண்டு சொற்கள் மட்டும் ஒரு நாளை மற்ற நாட்களிலிருந்து வெட்டி எடுக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் யாக்கோப் எம்டன் என்ற யூதச் சட்ட அறிஞர் இந்தப் பாலைவனத்து மனிதனை அப்படியே துருவப் பகுதிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்: 24 மணி நேரத்தை ஒரு நாளாக எண்ணிக்கொள், ஏழாவதைப் போற்று. 19-ஆம் நூற்றாண்டில் இன்னோர் அறிஞரான இஸ்ரேல் லிப்ஷிட்ஸ், கிளம்பிவந்த ஊரின் நேரத்தைக் கடைப்பிடி என்றார்.

நம் பக்கத்துக் கதை சுவாரசியமானது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. மனிதருக்கு ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள், உத்தராயணம் அவர்களுக்குப் பகல், தட்சிணாயனம் இரவு என்று மனு ஸ்மிருதி சொல்கிறது. மேருவில் இருப்பவர்களுக்குச் சூரியன் ஒருமுறை உதித்தால் அரை ஆண்டு மறைவதில்லை என்று சூரிய சித்தாந்தம் கணக்கே போட்டுக் காட்டுகிறது. இவற்றையும் வேதத்தின் நீண்ட வைகறைகளையும் வைத்துத்தான் திலகர் 1903-இல் வேத முன்னோரின் தாயகம் ஆர்க்டிக் என்று ஒரு புத்தகம் எழுதினார். வரலாற்று ஆய்வு அதை ஏற்கவில்லை. எனக்கு இதில் படுவது வேறொன்று. மறையாத சூரியனை நம் மரபு தேவர்களுக்கு ஒதுக்கிவிட்டது. மனிதருக்குச் சந்தியாவந்தனம், உதயத்தில் நிற்கும் திதியே அன்றைய திதி என்ற பஞ்சாங்க விதி, எல்லாம் உதயமும் அத்தமனமும் உண்டு என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. உதயமே இல்லாத ஊரில் திதி எது என்ற கேள்வி பஞ்சாங்கக்காரர் மேசைக்கு வந்ததே இல்லை போலும். நார்வேயின் ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. அது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கடிகாரத்தால் அளக்கப்படுவது. சூரியனை நம்பிய சமயங்கள் துருவத்தில் திண்டாடின, கடிகாரத்தை நம்பியவர்கள் திண்டாடவே இல்லை. திண்டாடியவர்களிடமிருந்துதான் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது.

என் கட்சிக்கு முதல் மறுப்பு வானியலிலிருந்து வரும். துருவத்தில் அடையாளமே இல்லை என்பது தவறு. சூரியன் வட்டமடிக்கிறது, வடக்கே வரும்போது மிகத் தாழ்கிறது, ஒளி சிவக்கிறது, நிழல் நீள்கிறது. அந்த வேறுபாடு இருப்பதால்தானே படக்காரர்கள் பகல் இரண்டு மணியை விட்டுவிட்டு இந்த நேரத்தைத் தேடிப் போகிறார்கள்? சரிதான். வானம் அங்கே ஊமை இல்லை. ஆனால் அது சொல்வது ‘தாழ்ந்தேன்’ என்பதைத்தான். ‘முடிந்தது’ என்று அது சொல்வதில்லை. தாழ்வு கண்ணுக்குத் தெரியும் நிகழ்ச்சி, முடிவு யாராவது எடுக்கவேண்டியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லோஃபோடெனில் கோடைகாலக் கடிகாரப்படி சூரியன் மிகத் தாழ்வது 12 மணிக்கு அல்ல, ஒரு மணி தாண்டிச் சில நிமிடங்களுக்குப் பிறகு. நார்வேயின் கடிகாரம் மத்திய ஐரோப்பாவோடு ஒத்துப்போவதற்காக அமைக்கப்பட்டது, கோடையில் இன்னும் ஒரு மணி முன்னே தள்ளப்படுகிறது. எனவே பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ‘நள்ளிரவுச் சூரியன்’ என்று படம் எடுக்கும்போது எடுப்பது உண்மையில் நள்ளிரவுக்கு ஒரு மணி முந்தைய சூரியனை. வழிகாட்டிக்கு இது தெரியும்; வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவர்கள் கொண்டாடுவது கடிகாரத்தின் நள்ளிரவை. கொண்டாட்டத்தில் ஒரு குறையும் வருவதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: இரவை ஒப்பந்தம் என்கிறாயே, உடம்பு எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது? தூக்கம் வானத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. இதற்கு அதே வடக்கிலிருந்தே இரண்டு சான்றுகள் உண்டு. ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் கலைமான்களைப் பற்றி 2005-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சூரியன் மறையாத கோடையில் அவற்றின் நடமாட்டத்தில் 24 மணி நேரத் தாளம் காணாமல் போகிறது. மேய்வது, படுத்து அசைபோடுவது, மறுபடி மேய்வது என்று வயிறு சொன்னபடி ஓடுகிறது. மானுக்கு இரவு இல்லாமல் போய்விட்டது, அதனால் அதற்கு நஷ்டமும் இல்லை. மனிதன் அப்படியா? 1950-களில் லூயிஸ், மேரி லாபன் என்ற இரு ஆய்வாளர்கள் அதே தீவுக்கூட்டத்தின் ஸ்பிட்ஸ்பெர்கனில் கோடையில் சிலரைத் தங்கவைத்து, வேகம் மாற்றிய கைக்கடிகாரங்களைக் கட்டிவிட்டார்கள். ஒரு குழுவின் ‘நாள்’ 21 மணி நேரம், இன்னொன்றின் ‘நாள்’ 27 மணி நேரம். வெளியே எப்போதும் வெளிச்சம், ஆகவே கடிகாரத்தைக் காட்டிக்கொடுக்க இரவு இல்லை. பெரும்பாலோரின் உடல் வெப்பம் சீக்கிரமே பொய்க் கடிகாரத்தின் பின்னால் போய்விட்டது. சிறுநீரில் வெளியேறும் பொட்டாசியம் மட்டும் பலருக்குப் பழைய 24 மணிக் கணக்கையே பிடிவாதமாக வைத்துக்கொண்டிருந்தது. ஆகவே மறுப்பில் பாதி உண்மை. உடம்புக்குள் ஒரு நாள் இருக்கிறது. அதை முழுக்க ஏமாற்ற முடியாது. அதே உடம்பின் இன்னொரு பகுதி, கூட இருப்பவர்கள் எதை இரவு என்கிறார்களோ அதை நம்பித் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. ரத்தத்தில் இருப்பது இரவின் பசி. அது எந்த மணிக்கு என்பதை வெளியே கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. கணித்துக்கொள் என்ற தீர்ப்பு உடம்புக்கு எதிரானதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது மறுப்புக்காரர் கொஞ்சம் குறும்பு பிடித்தவர். நாமே போட்ட எல்லைதானே, நாமே எடுத்துவிட்டால் என்ன? 2019 ஜூனில் ட்ரோம்சோவுக்கு மேற்கே உள்ள சொம்மரோய் என்ற சிறு தீவு இதைத்தான் கேட்டதாக உலகமெங்கும் செய்தி வந்தது. 69 நாள் சூரியன் மறையாத ஊரில் கடிகாரம் எதற்கு, எங்கள் தீவை நேரமற்ற பகுதியாக அறிவியுங்கள் என்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்களாம். தீவுக்குப் போகும் பாலத்தில் கழற்றிவிட்ட கைக்கடிகாரங்கள் தொங்கும் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. சில நாளில் குட்டு வெளிப்பட்டது: அது சுற்றுலாவுக்காக, அரசுக்குச் சொந்தமான இன்னொவேஷன் நார்வே செய்த விளம்பரம். பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஏமாற்று என்பதற்காக இதைத் தள்ளிவிடக் கூடாது. நேரத்தை ஒழித்த தீவுக்கும் விருந்தினர் வரவேண்டும். விருந்தினர் வரப் பேருந்து வேண்டும். பேருந்துக்கு அட்டவணை வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகள் பந்து விளையாடலாம் என்பது அழகான படம்தான், பக்கத்து வீட்டில் காலை வேலைக்குப் போகிறவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்பது படத்தில் வராது. நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கடற்கரையின் மீன் தொழிற்சாலைகளில் 1980-களிலிருந்து வேலை பார்த்த ஈழத் தமிழர்களிடம் கேட்டால் இதை விளக்க ஒரு நிமிடம் போதும்: வெளியே வெயில் அடித்தாலும் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டால்தான் மறுநாள் வேலைக்கு ஆள் எழும். மனிதர் போட்டது என்பதாலேயே ஓர் எல்லை பொய்யாகாது. மொழியும் மனிதர் போட்டதுதான். அதற்காக அம்மா என்ற சொல்லை நாளை முதல் வேறு பொருளில் சொல்கிறேன் என்று ஒருவர் தனியாகக் கிளம்ப முடியாது. மார்க்க அறிஞர்களும் தல்மூத் ஆசிரியர்களும் தங்களுக்குள் எந்த நேரம் என்பதில் வேறுபட்டார்கள். யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது என்ற நிலைக்கு அவர்கள் இறங்காததற்குக் காரணம் இதுதான்: தனியொருவன் தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளும் எல்லையை அலுப்பு வந்தவுடன் தனியாகவே அழித்துவிடலாம். கூடிப் போட்டதை அப்படி அழிக்க முடியாது.

இனிக் கரைக்குத் திரும்பலாம். வழிகாட்டியோடு வடக்கே போவது புதிதல்ல. 1875-இலேயே தாமஸ் குக் நிறுவனம் நள்ளிரவுச் சூரியனைக் காட்ட நோர்ட்காப் முனைக்கு ஒரு குழுவைக் கூட்டிப்போனது. அன்றைய பயணிக்கு மலையேறிப் பார்த்து இறங்கவே நேரம் சரியாக இருந்திருக்கும். இன்றைய பயணியின் கையில் ஆயிரக்கணக்கில் படம் கொள்ளும் அட்டை இருக்கிறது, எதிரே ஐந்து மணி நேரம் தீராத ஒளி இருக்கிறது. இரண்டு பக்கமும் வரம்பில்லை. வரம்பில்லாதது வளம் என்றே நமக்குத் தோன்றும். 2014-இல் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் லிண்டா ஹென்கல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிராகப் பேசுகிறது. அருங்காட்சியகத்தில் பொருட்களைப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. படத்தில் வராத பகுதியைக்கூட நினைவில் வைத்திருந்தார்கள். 2017-இல் வந்த வேறோர் ஆய்வு, எதை எடுப்பது என்று தாமே தேர்ந்து எடுத்தவர்களுக்குப் பார்த்தது நன்றாகவே நினைவிருந்தது, கேட்டதுதான் மங்கியது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், படம் எடுப்பது பார்வையைக் கெடுக்கிறது என்ற பொதுப் புலம்பல் நிற்காது. கெடுப்பது வரம்பில்லாமல் எடுப்பது. சட்டகம் ஒரு வரம்பு. இதை எடுப்பேன், அதை விடுவேன் என்பது ஒரு வரம்பு. அந்தக் குழியையும் உருண்டைக் கல்லையும் மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர், கரை முழுவதையும் அள்ளிக்கொண்டு போகிறவரைவிட அதிகம் பெற்றிருப்பார் என்பது என் ஊகம். ‘போதும்’ என்று வழிகாட்டி சொல்லும்போது அவர் செய்வது சூரியன் வேறு ஊரில் இலவசமாகச் செய்து கொடுக்கும் வேலை. அதற்குக் கூலி வாங்குகிறார் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தொழுகை எங்கே, உல்லாசப் பயணம் எங்கே, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ட்ரோம்சோவில் கணித்த நேரத்தில் நோன்பு திறப்பவர், வெளியே வெயில் அடிக்கும்போதே பேரீச்சம்பழத்தை எடுக்கிறார். அந்த நேரம் வந்துவிட்டது என்பதற்குக் கண் முன்னே ஒரு சான்றும் இல்லை, கட்டுப்பட்டவர் என்பது ஒன்றுதான் இருக்கிறது. வேனில் ஏறுபவருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. பிடிக்காவிட்டால் மறுநாள் தனியாக வரலாம். முன்னவர் தன்னைவிடப் பெரியது ஒன்றுக்காக நிறுத்துகிறார், பின்னவர் களைப்புக்காக நிறுத்துகிறார். இந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. எனக்கு இந்தப் பயணம் பயன்படுவது உரைகல்லாக மட்டும். பக்தி இல்லாத இடத்திலும், பணம் கொடுத்து வாங்கிய இடத்திலும்கூட, ஒளி தீராவிட்டால் யாராவது ஒருவர் முடிவு சொல்லவேண்டியிருக்கிறது என்றால், சமயச் சட்டம் கணித்துக்கொள் என்று சொன்னது சங்கடத்துக்குச் செய்த சமாளிப்பு அல்ல. அடையாளம் கண்ணெதிரே நிற்கும் ஊர்களின் கதையையும் பார்க்க வேண்டும். ஆறரை மணிக்கு ஒழுங்காக இருட்டும் நம் நகரங்களில் இரவு ஒரு மணிக்குக் கைபேசி வெளிச்சத்தில் எத்தனை முகங்கள்! அங்கே வானம் தன் வேலையைச் செய்துவிட்டது. இரவு வரவில்லை.

இந்தக் கோடையில் அந்தப் பயணத்துக்குப் பதிவு செய்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கரைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்பதோடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதையும் கேட்டுவிடுங்கள். குழுவில் எல்லோரும் ஏறுமுன்பே ஒத்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டு மணிக்கு அவசரப்பட வேண்டாம், சூரியன் மிகத் தாழ இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். தங்கும் அறையில் கனத்த திரை உண்டா என்று விசாரியுங்கள். இல்லை என்றால் கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி எடுத்துப் போங்கள்.